சுல்தான்: பட்டமாக வந்து பெயராக நின்ற சொல்

பந்தலூர் பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் நின்றாலே "பத்தேரி, பத்தேரி" என்று நடத்துநர் கூவுவது நாலைந்து தடவை காதில் விழும். மலையாள பஸ்ஸின் நெற்றியில் முழுப்பேரும் எழுத இடம் இருக்காது. 'சு. பத்தேரி' என்று மலையாளத்தில் இருக்கும், ஆங்கிலத்தில் 'எஸ். பத்தேரி' என்று இருக்கும். நம் பக்கம் அப்பா பெயரை முன்னெழுத்தாகச் சுருக்குகிற மாதிரி, ஒரு ஊர் தன் பெயரின் முதல் பாதியைச் சுருக்கி வைத்திருக்கிறது. அந்தப் பாதிதான் 'சுல்தான்'; ஊர், கேரளத்து வயநாட்டில் உள்ள சுல்தான் பத்தேரி.

நான் பாடம் எடுத்த ஏழாம் வகுப்பில் அதே பெயருடைய மாணவன் ஒருவன் இருந்தான். வருகைப் பதிவேட்டில் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் பின்வரிசையில் ஒருத்தன் "ராஜா வந்தாச்சு" என்பான். ஒருநாள் வரலாற்றுப் பாடத்தில் திப்பு சுல்தான் வந்தார். அவன் எழுந்து நின்று கேட்டான்: "டீச்சர், அப்போ நான் திப்பு சுல்தானுக்குச் சொந்தமா? பத்தேரியும் எங்களோடதா?" வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டான்.

அன்று மணி அடித்துவிட்டதால் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். கூடலூர், பந்தலூர், பாலக்காடு, செங்கோட்டை என்று எல்லையை ஒட்டி வாழ்கிற நமக்கு இந்தப் பெயர் அன்றாடம் காதில் விழுகிறது. ஆனால் அதை அரச வம்சத்தின் அடையாளம் என்றோ, வடக்கே உள்ளதைப்போல் குடும்பப் பெயர் என்றோ பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ரேஷன் கார்டிலும் கல்லூரி விண்ணப்பத்திலும் வருகிற தொல்லைகளுக்கு இந்தத் தவறே முக்கியக் காரணம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சுல்தான் அரபுச் சொல். 'ஸ', 'ல', 'த' என்ற மூன்று மெய்கள் சேர்ந்த வேரிலிருந்து பிறந்தது. அந்த வேருக்கு மேலாண்மை, வலிமை, ஆட்சி என்று பொருள். தொடக்கத்தில் அது எந்த மனிதரையும் குறிக்கவில்லை. குர்ஆனில் இந்தச் சொல் பல இடங்களில் வருகிறது; எல்லா இடத்திலும் 'அதிகாரம்' அல்லது 'தெளிவான சான்று' என்ற பொருளில்தான் வருகிறது. அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 33ஆம் வசனம் மனிதர்களையும் ஜின்களையும் பார்த்து, வானம் பூமியின் எல்லைகளைக் கடந்து போக முடிந்தால் போங்கள், 'சுல்தான்' இல்லாமல் போக முடியாது என்கிறது. அங்கே சுல்தான் என்றால் மன்னர் இல்லை, ஆற்றல், அதிகாரம்.

அதிகாரம் என்ற கருத்தைக் குறித்த சொல் எப்படி ஓர் ஆளைக் குறித்தது? தமிழர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. 'அரசு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு என்றால் ஆட்சி. பழைய தமிழில் அரசு என்றாலே அரசன் என்றும் பொருள். இன்று நம் தெருவிலேயே அரசு என்று பெயர் வைத்த பையன் இருப்பான். அவனைப் பார்த்து "நீ எந்த நாட்டு அரசு?" என்று யாரும் கேட்பதில்லை. ஆட்சி, ஆள்பவர், ஆளின் பெயர் என்ற மூன்று படிகளையும் 'அரசு' தமிழில் ஏறியதுபோலவே 'சுல்தான்' அரபியில் ஏறியது. வகுப்பில் இந்த உதாரணம் சொன்னபோதுதான் பின்வரிசைக்காரன் வாயை மூடினான். அவனுடைய சித்தப்பா பெயர் அரசு.

சுல்தான் ஆளைக் குறிக்கும் பட்டமானது சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால். இஸ்லாமிய உலகின் தலைவராக பாக்தாத்தில் கலீபா இருந்தார். கலீபா என்றால் நபிகளுக்குப் பின் வந்த வாரிசு, சமயமும் ஆட்சியும் சேர்ந்த பதவி. காலப்போக்கில் கலீபாவிடம் மதிப்பு மிஞ்சியது, படையும் பணமும் வேறு ஆட்களின் கைக்குப் போயின. நிஜமாகவே ஆள்கிற அந்த ஆட்களைக் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. கலீபா என்று சொல்லிக்கொள்ள முடியாது. 'அமீர்' என்றால் தளபதி, ஆளுநர் என்ற அளவுதான். அந்த இடைவெளியில் சுல்தான் வந்து உட்கார்ந்தது. 'அதிகாரம் கையில் உள்ளவர்' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். சுல்தான் என்று அழைக்கப்பட்ட முதல் ஆட்சியாளராக வரலாற்று நூல்கள் பொதுவாகக் கஜினி மஹ்மூதைக் குறிப்பிடும். 1055இல் பாக்தாத்துக்குள் நுழைந்த செல்ஜுக் துருக்கியர் தலைவர் துக்ரில் பேகின் காலத்தில் அது முறையான அரசுப் பட்டமாக உறுதிப்பட்டது.

டெல்லியில் 1206 முதல் 1526 வரை ஆண்டவர்களைச் சுல்தான்கள் என்கிறோம். அவர்களில் இல்துத்மிஷுக்கு 1229இல் பாக்தாத் கலீபாவிடமிருந்து அங்கீகாரம் வந்தது. அவருடைய மகள் ரசியா 1236 முதல் 1240 வரை ஆண்டார். அவரைச் 'சுல்தானா' என்று சொல்வது நமக்குப் பழக்கம். அவர் ஏற்ற பட்டம் 'சுல்தான்' தான். 'சுல்தானா' என்பது அரபியில் அதன் பெண்பால் வடிவம். சுல்தானின் மனைவிக்கும் மகளுக்கும்கூட அதைச் சொல்வார்கள். நாட்டை ஆண்டவர் இன்னொருவரின் மனைவி என்ற பொருள் வரும்படி அழைக்கப்படுவது சரியில்லை என்பதால், ரசியா சுல்தான் என்று சொல்வதையே நான் விரும்புகிறேன். இன்று பெண்குழந்தைகளுக்குச் சுல்தானா என்று பெயர் வைப்பது வேறு விஷயம், அது அழகான பெயர்.

நமக்குப் பக்கத்திலேயே மதுரையிலும் சுல்தான்கள் இருந்தார்கள். டெல்லியின் ஆளுநராக இருந்த ஜலாலுதீன் அஹ்சன் கான் 1335 வாக்கில் தனியாட்சி அறிவித்தார். விஜயநகரப் படை வந்து முடிக்கும்வரை சுமார் 40 ஆண்டுகள் அந்த ஆட்சி நீடித்தது. ஊர் சுற்றி எழுதிய இப்னு பதூதா அஹ்சன் கானின் மகளை மணந்தவர். மதுரைக்கும் வந்து போனார்.

இங்கே ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. மதுரை சுல்தான்களை வென்ற விஜயநகர மன்னர்களே அந்தப் பட்டத்தை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். 14ஆம் நூற்றாண்டிலிருந்து அவர்களுடைய கல்வெட்டுகளில் 'ஹிந்துராய சுரத்ராண' என்ற விருது வருகிறது. 'இந்து அரசர்களுக்குள் சுல்தான்' என்பது அதன் பொருள். சுல்தான் என்ற அரபு ஒலியை வடமொழிக்குள் கொண்டுவரும்போது 'சுர', அதாவது தேவர், 'த்ராண', அதாவது காப்பு, என்று பிரித்து, தேவர்களைக் காப்பவர் என்ற பொருளும் ஒட்டிவரும்படி அமைத்துவிட்டார்கள். சொல் கடன், பொருள் சொந்தம். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் மேல் காதல் கொண்டு வந்த டெல்லி இளவரசியாகப் போற்றப்படும் துலுக்க நாச்சியாரைச் 'சுரதானி' என்றும் மரபில் குறிப்பிடுவார்கள். அதுவும் சுல்தான் என்ற சொல்லின் தமிழ் நாக்கில் புரண்ட உருவம்தான். அந்தச் சன்னதிக்கு ரொட்டி நைவேத்தியம் போகிறது என்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு சொல் 600 ஆண்டுக்கு முன்னாலேயே சமய எல்லைகளைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால், இன்று அதை ஒருவரின் பேரில் பார்க்கும்போது நம் மனம் கொஞ்சம் விரியும்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருவோம். ஒரு பேரில் சுல்தான் இருந்தால் அது பட்டமா, பெயரா?

சொல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது முதல் வழி. துருக்கியின் ஒட்டமான் அரசில் ஆண் மன்னருக்கு அது பெயருக்கு முன்னால் வரும்: சுல்தான் சுலைமான். அரச குடும்பத்துப் பெண்ணுக்குப் பின்னால் வரும்: அவருடைய மனைவி ஹுர்ரம் சுல்தான், மகள் மிஹ்ரிமா சுல்தான். அந்தப் பெண்கள் நாடாண்டவர்கள் இல்லை. குடும்பத்தின் மதிப்பைச் சொல்லும் ஒட்டுச் சொல் அது. முகலாயர் கதை இன்னும் வேறு. அவர்கள் தங்களைப் பாதுஷா என்று அழைத்துக்கொண்டார்கள். அது பாரசீகச் சொல். சுல்தானைவிடப் பெரிது என்று கருதினார்கள். அதனால் சுல்தான் ஒரு படி கீழே இறங்கி இளவரசர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அக்பர் தம் பிள்ளைகளில் உயிர் தங்கிய மூத்த மகனுக்கு, தமக்குப் பிள்ளை வரம் வாழ்த்திய சூபி ஞானி ஷேக் சலீம் சிஷ்தியின் நினைவாகச் 'சுல்தான் சலீம்' என்று பெயர் வைத்தார். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குச் சுல்தான் என்ற பெயர்! 1605இல் அரியணை ஏறியபோது அவர் அந்தப் பெயரை விட்டுவிட்டு ஜஹாங்கீர் ஆனார். துருக்கி மன்னர்களின் பெயரோடு குழம்பும் என்பது அவரே தம் நினைவுக்குறிப்பில் சொல்கிற காரணம். அக்பரின் மனைவி ருகையா சுல்தான் பேகத்தின் பேரிலும் இந்தச் சொல் உண்டு. ஆக, முகலாய அரண்மனைக்குள்ளேயே சுல்தான் பதவியிலிருந்து நழுவிப் பெயராகிவிட்டது.

இதைப் புரிந்துகொண்டால் திப்புவின் பெயர் தானாக விளங்கும். நம்மில் பெரும்பாலோர் 'திப்பு' அவர் பெயர், 'சுல்தான்' அவர் பதவி என்று நினைக்கிறோம். அவருடைய அப்பா ஹைதர் அலி சுல்தான் இல்லை. ஹைதர் மைசூர் உடையார் மன்னரின் பெயரில் ஆட்சி நடத்தியவர். நவாப் என்று அழைக்கப்பட்டவர். மகன் பிறப்பதற்கு முன்னால் ஆற்காட்டில் உள்ள திப்பு மஸ்தான் அவுலியா தர்காவில் வேண்டிக்கொண்டார்கள் என்றும், அந்த ஞானியின் பெயரையே பிள்ளைக்கு இட்டார்கள் என்றும் வரலாற்றில் சொல்லப்படுகிறது. சுல்தான் என்பதும் அந்தப் பெயரோடு சேர்ந்த பகுதியே, இளவரசராக இருந்தபோதே அவர் திப்பு சுல்தான்தான் என்று வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். 1782 டிசம்பரில் சித்தூர் பக்கம் நரசிங்கராயன்பேட்டையில் பாசறையில் ஹைதர் இறந்த பிறகு ஆட்சிக்கு வந்த திப்பு, தமக்கென்று பட்டம் தேவைப்பட்டபோது எடுத்துக்கொண்டது 'பாதுஷா'. சுல்தான் ஏற்கெனவே பெயராகிவிட்டதால்தான் புதிய பட்டம் தேவைப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். அக்பரின் மகன் பெயரும் ஹைதரின் மகன் பெயரும் ஞானிகளிடமிருந்து வந்தவை. தென்னாசியாவில் சுல்தான் சாதாரண வீடுகளுக்குள் வந்தது பெரும்பாலும் அரண்மனை வழியாக இல்லை, தர்கா வழியாக என்பது என் எண்ணம். சூபி ஞானிகளை மக்கள் மன்னர்களாகக் கண்டார்கள். நாடாளும் மன்னன் வெளியே, மனமாளும் மன்னர் இங்கே என்ற எண்ணம். அஜ்மீர் குவாஜா முயீனுதீன் சிஷ்தியைச் 'சுல்தானுல் ஹிந்த்', இந்தியாவின் சுல்தான், என்கிறார்கள். டெல்லி நிஜாமுதீன் அவுலியா 'சுல்தானுல் மஷாயிக்', குருமார்களின் சுல்தான். 17ஆம் நூற்றாண்டுப் பஞ்சாபி ஞானக்கவி சுல்தான் பாஹூவின் பெயரிலேயே அது இருக்கிறது. நம் திருநாவுக்கரசரை நினைத்துப் பாருங்கள். நாவுக்கு அரசர். நாடில்லாத அரசர். 'சுல்தானுல்' என்று தொடங்கும் பெயர்களின் அமைப்பு அப்படியே அதுதான்: இன்னதற்குச் சுல்தான், இன்னதற்கு அரசு.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய ஊற்று ஏர்வாடி. ராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருக்கும் பாதுஷா சுல்தான் சையது இபுராகிம் ஷஹீத் அவர்களின் பெயரில் பாதுஷாவும் உண்டு, சுல்தானும் உண்டு. நேர்ச்சை செய்து பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரில் ஏதாவது ஒரு துண்டை எடுத்து வைப்பார்கள். சுல்தான், இபுராகிம், சையது இபுராகிம், பாதுஷா எல்லாம் அப்படி வருவது உண்டு. ஏர்வாடிக்குக் கேரளத்திலிருந்து வருகிறவர்கள் ஏராளம் என்பதால் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பெயர்கள் பரவியிருக்கின்றன. நாகூர் ஆண்டகையின் பெயரான 'சாகுல் ஹமீது' என்பதிலும் முதல் பகுதி 'ஷா', அதாவது பாரசீகத்தில் மன்னர். நம் தெருவில் சாகுல் என்று கூப்பிடுகிற எத்தனை பேருக்குத் தங்கள் பேரின் தொடக்கத்தில் ஒரு மன்னர் இருப்பது தெரியும்? 'காதர் பாட்சா' என்பதில் உள்ள பாட்சாவும் பாதுஷாதான். 'ராஜா முகமது' என்ற பெயரோ இன்னும் இனிமை. வடமொழி மன்னரும் அரபு நபி பெயரும் ஒரே மூச்சில்.

பட்டங்கள் பெயராகி நெருங்கி நிற்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஒரு சதுரங்க வீரர். பிரிக்கப்படாத பஞ்சாபின் கிராமம் ஒன்றில் பிறந்த அவருடைய முழுப்பெயர் மாலிக் மீர் சுல்தான் கான். இங்கே மாலிக் என்பது அரபியின் 'மலிக்', அதாவது மன்னர். மீர் என்பது அமீரின் சுருக்கம். சுல்தான் நமக்குத் தெரியும். கான் துருக்கிய, மங்கோலியத் தலைவர்களின் பட்டம். நான்கு சொல்லும் ஆள்பவரைக் குறிப்பவை, ஆனால் அவர் எந்த நாட்டையும் ஆளவில்லை. நிலப்பிரபு ஒருவரின் ஆதரவில் இங்கிலாந்து போய் 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சதுரங்க வாகையர் பட்டம் வென்றார். முன்னாள் உலக வாகையர் கபபிளாங்காவையும் தோற்கடித்தார். 2024இல்தான், அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. பெயரிலேயே நான்கு பட்டம் இருந்தவருக்கு ஆட்டத்தின் பட்டம் வந்துசேர இவ்வளவு காலம் ஆனது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

முஸ்லிம்கள் மட்டும்தான் இதைச் சூடினார்கள் என்றும் இல்லை. 18ஆம் நூற்றாண்டுச் சீக்கியப் படைத்தலைவர் ஜஸ்ஸா சிங் அலுவாலியாவைச் சீக்கியர்கள் 'சுல்தானுல் கௌம்', சமூகத்தின் சுல்தான், என்று போற்றினார்கள். கேரளத்தில் வைக்கம் முகம்மது பஷீரை இன்றும் 'பேப்பூர் சுல்தான்' என்றே அன்பாகச் சொல்கிறார்கள். கோழிக்கோட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதியவருக்கு வாசகர்கள் கொடுத்த பட்டம் அது. கண்ணூர் அரக்கல் குடும்பம் கேரளத்தின் ஒரே முஸ்லிம் அரச குடும்பம். அங்கே மருமக்கள் வழி. குடும்பத்தில் வயதில் மூத்தவர் ஆணோ பெண்ணோ தலைமைக்கு வருவார்; ஆண் என்றால் ஆலி ராஜா, பெண் என்றால் அரக்கல் பீவி. தலைமையேற்கும் பெண்ணைச் சுல்தான் என்றே செய்திகளில் குறிப்பிடுவதையும் பார்க்கலாம்.

மாலிக் என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுல்தானோடு அதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அரபியில் 'மலிக்' என்றால் அரசர், 'மாலிக்' என்றால் உடைமையாளர். எழுத்திலும் ஒலியிலும் இரண்டும் வேறு. தமிழுக்கு வரும்போது இரண்டும் 'மாலிக்' ஆகிவிடுகின்றன. டெல்லி சுல்தான்கள் காலத்தில் மலிக் என்பது பிரபுக்களின் படிநிலைகளில் ஒன்று. கானுக்குக் கீழே, அமீருக்கு மேலே. 1311இல் மதுரைவரை படையோடு வந்த மாலிக் காஃபூரின் பெயரில் இருப்பது இதுதான். வங்கத்தில் இதே பட்டம் இந்துக் குடும்பங்களுக்கும் கிடைத்து மல்லிக் என்ற குடும்பப் பெயராக நிலைத்தது. இன்னொரு முக்கியமான வேறுபாடும் உண்டு. மலிக் என்பது இறைவனின் 99 திருப்பெயர்களில் ஒன்று. ஆகவே 'அப்துல் மலிக்' என்றால் பேரரசனாகிய இறைவனின் அடியான். வழக்கமாகச் சொல்லும் 99 பெயர்ப் பட்டியலில் சுல்தான் இல்லை. அதனால்தான் சுல்தானைத் தனியாகவே மனிதருக்கு வைக்கிறார்கள். அதே நேரம் 'மன்னாதி மன்னன்' என்று பொருள்படும் பெயரை மனிதர் சூடுவதை இறைவன் மிகவும் வெறுக்கிறான் என்ற நபிமொழி உண்டு. சுல்தான் வைக்கலாம், மன்னர்களுக்கெல்லாம் மன்னர் என்று வைக்கக் கூடாது. பெயர் வைப்பதிலும் பணிவுக்கு ஓர் எல்லைக்கோடு போட்டிருக்கிறார்கள்.

இனி விண்ணப்பப் படிவத்துக்கு வருவோம். எங்கள் பகுதியில் இதுதான் தினசரிப் பாடு.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வரும்: மு. சுல்தான். பத்தேரிப் பக்கம் போனால் முதலெழுத்து பின்னால் போகும்: சுல்தான் எம். சில வீடுகளில் வீட்டுப்பெயரின் எழுத்தும் சேரும். வடக்கே அச்சடித்த படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட முடியாத இணையப் படிவமாக இருந்தால், அப்பா பெயரைத் தூக்கி அங்கே போடுவார்கள். என்னிடம் படித்த பெண் ஒருத்தியின் அப்பா பெயர் சுல்தான். அவள் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே ஓர் அலுவலகம் 'சுல்தான்' என்பதை அவளுடைய பெயராகவும், அவளுடைய சொந்தப் பெயரை முன்னால் ஒட்டிய ஏதோ ஒன்றாகவும் எடுத்துக்கொண்டு அடையாள அட்டை அடித்துவிட்டது. அட்டையில் அவள் பேர் ஒரே ஓர் எழுத்தாகச் சுருங்கி, அப்பா பேர் முழுதாக நின்றது. திருத்துவதற்கு இரண்டு மாதம் அலைந்தாள். அந்த இரண்டு மாதமும் அவள் தன் பேரைச் சொல்லும்போதெல்லாம் விளக்கமும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது.

எழுத்துக்கூட்டல் அடுத்த தொல்லை. ஆங்கிலத்தில் வடக்கே நடுவில் 'டி' மட்டும் போடுவார்கள். தெற்கே வெறும் 'டி' போட்டால் 'சுல்டான்' என்று படித்துவிடுவோம் என்பதால் 'எச்' ஒன்றையும் சேர்ப்போம். பத்தேரி ஊர்ப்பலகையிலேயே இரண்டு விதமும் பார்க்கலாம். இரண்டுமே பிழை இல்லை. அரபியில் உள்ள அந்த ஒலி நம் 'த'வைவிட அழுத்தமானது, தமிழிலும் ஆங்கிலத்திலும் அதற்குச் சரியான எழுத்து இல்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருந்தால் கணினி அவர்களை இரண்டு ஆளாக எண்ணும். பெற்றோரிடம் நான் எப்போதும் சொல்வது: பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள அதே எழுத்தை எல்லாவற்றிலும் எழுதச் சொல்லுங்கள். கடைசிப் பெயர்க் கட்டத்தில் முழுப்பெயர் போடுவதற்கு முன்னால், முதலெழுத்து மட்டும் போட விடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஊருக்கு வைத்த பெயரிலும் இதே கதைதான். பத்தேரியின் பழைய பெயர் கணபதிவட்டம். அங்குள்ள 13ஆம் நூற்றாண்டுச் சமணக் கோயிலைத் திப்புவின் படை வெடிமருந்து வைக்கும் இடமாகப் பயன்படுத்தியது. அதை வைத்து ஆங்கிலேயர்கள் 'சுல்தானின் பேட்டரி', பீரங்கி மேடை, என்றார்கள். பேட்டரி மலையாள வாயில் பத்தேரி ஆனது. அரபுச் சொல் ஒன்று, ஆங்கிலச் சொல் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு மலையாள ஊர். பாலக்காட்டில் ஹைதர் 1766இல் எடுப்பித்த கோட்டைக்குப் பக்கத்தில் சுல்தான்பேட்டை இருக்கிறது. எல்லையின் இந்தப் பக்கம் கோவை மாவட்டத்திலும் ஒரு சுல்தான்பேட்டை உண்டு. 2013இல் கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து ஒரு புதிய கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானபோது, பாலக்காட்டின் அந்தப் பேட்டைப் பெயரே அதற்கு வந்தது. அங்கே தமிழ் பேசும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. சுல்தான்பேட்டை ஆயர் என்று சொல்லும்போது அரபுப் பட்டத்துக்குப் பக்கத்தில் ஆயர் என்ற நம் தமிழ்ச் சொல் எவ்வளவு இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது!

என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். திப்புவின் குடும்பத்தார் 1799க்குப் பிறகு வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டார்கள். 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின் ஆங்கிலேயர்கள் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகவே பெயரை மட்டும் வைத்து யாரும் திப்புவுக்குச் சொந்தம் என்று சொல்ல வழியில்லை. இதை அவனிடம் சொன்னபோது முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

அடுத்த வாரம் சாதிச் சான்றிதழ் விஷயமாக அவனுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை, இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். பிள்ளைக்கு ஏன் சுல்தான் என்று வைத்தீர்கள் பாய் என்று கேட்டேன். "எங்கம்மா ஏர்வாடியில நேந்துக்கிட்டாங்க டீச்சர். எனக்கு நாலு வருசமா பிள்ளை இல்ல. பொறந்தா உங்க பேரையே வைக்கிறேன்னு சொல்லிட்டு வந்தாங்க. இவன் பொறந்தான். நாப்பதாம் நாள் அங்கயே கொண்டுபோயி பேர் வச்சோம்." அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இதை அவனிடம் வீட்டில் யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. "அப்போ எனக்கு முன்னாடியே பாட்டிக்கு என் பேரு தெரியுமா?" என்று அப்பாவின் கையை இழுத்தான்.